கணுக்கால் பிசகிய பிறகு பாஸ்கெட்பால் ஷூ: ஹை-டாப் வாங்குவதா, லோ கட் போதுமா?

வேளச்சேரி_கார்ட்

எல்லாருக்கும் வணக்கம். பாஸ்கெட்பாலில் ரீபவுண்டுக்கு, அதாவது ரிங்கில் பட்டுத் திரும்புகிற பந்தைப் பிடிக்க, எகிறி இறங்கும்போது இன்னொருவர் பாதத்தின் மேல் என் வலது கால் விழுந்து, கணுக்கால் அப்படியே உள்பக்கமாக மடங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை. வெளிப்பக்க லிகமெண்ட் (எலும்புகளைப் பிணைக்கிற நார்) ஓரளவு கிழிந்திருக்கிறது, கிரேடு 2 என்று ஆர்த்தோ டாக்டர் சொன்னார். ஓய்வு, பிசியோ எல்லாம் ஆகி இப்போது மாடிப்படி ஏறி இறங்கினாலும் மெதுவாக ஓடினாலும் வலி இல்லை. இன்னும் சில வாரத்தில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று பிசியோ சொல்லியிருக்கிறார்.

நான் ஆடுவது பெரும்பாலும் சனி, ஞாயிறு காலையில், மாநகராட்சி மைதானத்து சிமெண்ட் கோர்ட்டில். ஆபீஸ் போட்டி வந்தால் மட்டும் இண்டோர், மரத்தரை. பழைய ஷூ லோ கட், அதாவது கணுவுக்குக் கீழேயே நிற்கிற வகை, அடிப்பாகம் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது, எப்படியும் மாற்ற வேண்டும். டீமில் எல்லாரும் "இனிமே ஹை-டாப் தவிர வேற எதையும் தொடாதே" என்கிறார்கள், கணுவை மூடி மேலே ஏறுகிற ஷூ அது. கடையிலும் அதையே சொன்னார்கள். ஆனால் அமெரிக்காவின் என்பிஏ மேட்ச் பார்த்தால் எத்தனையோ பேர் லோ கட் போட்டுத்தான் ஆடுகிறார்கள். எதை நம்புவது?

பட்ஜெட் 6,000 ரூபாய், நல்லதாக இருந்தால் கொஞ்சம் கூடப் போகலாம். எனக்கு பாதம் முன்பக்கம் அகலம். ப்ரேஸ் (கணுக்கால் மடங்காமல் பிடிக்கிற கவசம்) போட வேண்டும் என்றால் அதற்கும் சேர்த்து ஷூ சைஸ் பார்க்க வேண்டுமா, குதிகாலில் ஏர் குஷன் இருப்பது நல்லதா கெட்டதா, இதெல்லாம் தெரிய வேண்டும். இன்னொன்று, கால் வலிக்கவில்லை என்றாலும் லே-அப்புக்கு, அதாவது ஓடி வந்து ரிங்குக்குப் பக்கத்தில் பந்தைப் போட, எகிறுவதை நினைத்தாலே மனசு பின்வாங்குகிறது. அந்தப் பயம் போகிற மாதிரி ஒரு ஷூ இருந்தால் சொல்லுங்கள்.

பிசியோ_போரூர்

நண்பருக்கு, நான் விளையாட்டுக் காயங்கள் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட். கடைசியாகச் சொன்னீர்களே அந்தப் பயம், அதிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. லிகமெண்ட் கிழியும்போது அதற்குள் இருக்கிற நரம்பு முனைகளும் அடிபடுகின்றன. பாதம் இப்போது எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற வேலையில் அவற்றுக்கும் பங்கு உண்டு. வலி போன பிறகும் அந்தத் தகவல் கொஞ்ச காலம் மந்தமாகத்தான் போகும். ஒரு தடவை மடங்கிய கால் திரும்பத் திரும்ப மடங்குவதற்கு இது முக்கியமான காரணம். ஆஸ்திரேலியாவில் பாஸ்கெட்பால் ஆடுகிறவர்களைக் கவனித்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே கணுக்காலில் அடிபட்டவர்களுக்கு மறுபடி அடிபடும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு இருந்தது.

அதே ஆய்வில் உங்கள் ஏர் குஷன் கேள்விக்கும் பதில் இருக்கிறது. குதிகாலில் ஏர் செல் வைத்த ஷூ போட்டவர்களுக்கு அது இல்லாதவர்களைவிட 4.3 மடங்கு அதிகமாகக் கணுக்கால் காயம் வந்தது. அன்றைய ஷூ வேறு, இன்றைய ஷூ வேறு, அது சரி. இருந்தாலும் காயத்திலிருந்து திரும்பி வருகிறவர் குதிகாலுக்கு அடியில் உயரமாகவும் மெத்தென்றும் இருக்கிற எதையும் வாங்கக் கூடாது என்றுதான் நான் சொல்வேன். உயரம் கூடக் கூட, கால் சாயும்போது சாய்க்கிற விசையும் கூடும்.

இனி ஹை-டாப். எகிறி இறங்கும்போது விரல் நுனி தரையை நோக்கி இருக்கும், இல்லையா? கணுக்கால் மூட்டு மிகவும் தளர்ந்து இருப்பது அந்த நிலையில்தான். மூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற டாலஸ் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். விரலைக் கீழே நீட்டினால் அந்தக் குறுகல் பகுதி நடுவே வந்து நிற்கும், சுற்றிலும் இடம் மிச்சமாகிவிடும். அந்த நேரம் பார்த்து இன்னொருவர் பாதத்தின் ஓரத்தில் காலை வைத்து, உடம்பு எடை மொத்தமும் வெளிப்பக்கமாக இறங்கினால், கணுவுக்கு மேல் இரண்டு அங்குலம் ஏறி நிற்கிற துணி அதைத் தாங்காது. தசை சுதாரித்துப் பிடிப்பதற்குள்ளேயே லிகமெண்ட் இழுபட்டு முடிந்துவிடும். 1993-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, கல்லூரியில் பாஸ்கெட்பால் ஆடுகிற 622 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து ஒரு கூட்டத்துக்கு ஹை-டாப், ஒன்றுக்கு காற்றடிக்கிற அறை வைத்த ஹை-டாப், ஒன்றுக்கு லோ கட் கொடுத்து ஒரு சீசன் முழுக்கப் பார்த்தது. மொத்தமே 15 பேருக்குத்தான் கணுக்கால் பிசகியது, அதனால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் ஹை-டாப் காப்பாற்றியது என்று காட்ட அதில் எதுவும் கிடைக்கவில்லை.

காப்பாற்றுகிறது என்று நல்ல ஆதாரம் இருப்பது ப்ரேஸுக்கு. 2011-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பள்ளிக்கூட அணிகளில் ஆடிய 1,460 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். லேஸ் கட்டுகிற ப்ரேஸ் போட்டவர்களுக்கு வந்த கணுக்கால் காயம், போடாதவர்களுக்கு வந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். முன்பு அடிபட்டவர், படாதவர் இரண்டு பேருக்கும் பலன் தெரிந்தது. காயம் வந்துவிட்டால் அது எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதை மட்டும் ப்ரேஸ் குறைக்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற எலாஸ்டிக் உறையை ப்ரேஸ் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அது சூடாக, இறுக்கமாக இருக்கும், அவ்வளவுதான். பாதம் உள்பக்கம் திரும்புவதைத் தடுக்காது. முன்னால் லேஸும் இரண்டு பக்கமும் எட்டு போலச் சுற்றுகிற பட்டையும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஷூ வாங்கப் போவதற்கு முன் வீட்டில் வெறுங்காலோடு இதையெல்லாம் பாருங்கள். வலது காலில் மட்டும் நின்று கண்ணை மூடுங்கள், அப்புறம் இடது காலில். ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், இனி முடியாது என்கிற வரைக்கும், இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக வருகிறதா? சுவருக்கு எதிரே நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலைச் சுவரில் தொடுங்கள். கட்டைவிரலுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் வைத்துத் தொட முடிகிறது என்று இரண்டு காலிலும் அளந்து பாருங்கள். கடைசியாக ஒற்றைக் காலில் முன்னால் ஒரு தாவல், பக்கவாட்டில் ஒரு தாவல். வலது கால் இதில் கணிசமாகப் பின்தங்கினால் எத்தனை ஆயிரம் கொடுத்து ஷூ வாங்கினாலும் அது அந்தக் குறையை நிரப்பாது. பாலன்ஸ் பயிற்சிதான் நிரப்பும். கால்பந்தும் பாஸ்கெட்பாலும் ஆடுகிற 765 பள்ளி மாணவர்களை வைத்துச் செய்து 2006-ல் வந்த ஆய்வில், அந்தப் பயிற்சி செய்தவர்களுக்குக் கணுக்கால் பிசகுவது தெளிவாகக் குறைந்தது. அதற்குத் தேவை ஒரு தலையணையும் நின்று பழகத் தினமும் கொஞ்ச நேரமும்.

பழைய_பிவட்

தம்பி, கால் பற்றி மேடம் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஷூ பற்றிச் சொல்கிறேன். நந்தனம் பக்கம் ரொம்ப வருஷம் ஆடியவன், இப்போது பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அவர்களோடு கடைக்குப் போவதே எனக்கு ஒரு வேலை.

சாயங்காலம் போங்கள். காலையில் இருப்பதைவிட அப்போது பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், ஆடும்போதும் அப்படித்தான் இருக்கும். ப்ரேஸை முதலில் வாங்கிவிட்டு, அதையும் ஆடும்போது போடுகிற தடிமனான சாக்ஸையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சாக்ஸ், அதன் மேல் ப்ரேஸ், அதன் மேல் ஷூ. இப்படிப் போட்டுப் பார்க்காமல் பில் போடாதீர்கள். பலருக்கு அரை சைஸ் கூட வேண்டியிருக்கும். ஒரு சைஸ் முழுசாகக் கூட்டினால் குதிகால் உள்ளே ஆட ஆரம்பித்துவிடும், அது ப்ரேஸ் செய்கிற வேலையைக் கெடுக்கும்.

பாதம் அகலம் என்றீர்கள். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கிற மெத்தை அட்டையை, அதாவது இன்சோலை, வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் பாதம் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ வேண்டாம், கடைக்காரர் "போடப் போட லூஸாகிவிடும்" என்று சொன்னாலும் வேண்டாம். மேல் துணி இளகலாம், அடிப்பாகம் அகலமாகாது. பாதத்தின் வெளி ஓரம் அடித்தளத்தைத் தாண்டித் தொங்கினால், மடங்குவதற்கு நாமே பாதி வழி விட்ட மாதிரி.

அப்புறம் ஷூவைக் கையில் எடுங்கள். பின்பக்கம் குதிகாலை அணைக்கிற பகுதியைக் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். உள்ளே பிளாஸ்டிக் கிண்ணம் மாதிரி ஒன்று விறைப்பாக நிற்க வேண்டும். அழுத்தியதும் பொசுக்கென்று உள்ளே போனால் கீழே வைத்துவிடுங்கள், அது எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் சரி. முனையையும் குதிகாலையும் இரண்டு கையால் பிடித்து ஈரத்துணி பிழிவது போல முறுக்குங்கள். நடுப்பகுதி முறுக்க விடக் கூடாது. முனையை மடக்கினால் விரல்கள் மடங்குகிற இடத்தில் மட்டும் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் உள்ளே தாங்குகிற தகடு இல்லை என்று அர்த்தம். பிறகு கடை மேஜை மேல் வைத்துக் குனிந்து பின்னாலிருந்து பாருங்கள். அடிப்பாகம் மேல்பாகத்தைவிட அகலமாகப் பரந்து நிற்கிறதா, சுண்டுவிரலுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கிறதா? ஓடுகிற வேகத்தில் பக்கவாட்டில் திசை மாற்றும்போது கால் வெளியே உருளாமல் பிடிப்பது அந்த விளிம்புதான். என்னைக் கேட்டால் விலையைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும்.

சிமெண்ட் கோர்ட் என்பதால் இன்னொன்று. அடியில் மீன்முள் மாதிரி வரிவரியாக, ஆழமாக வெட்டிய கெட்டி ரப்பர் வேண்டும். கண்ணாடி மாதிரி தெரிகிற மெல்லிய ரப்பர் மரத்தரைக்கு அருமையாகப் பிடிக்கும், நம்ம ஊர் சிமெண்ட்டில் சீக்கிரமே மழமழவென்று தேய்ந்துவிடும். வாங்கிய ஷூவைத் தெருவிலும் பைக்கிலும் போட்டுக்கொண்டு திரியாதீர்கள், கோர்ட்டுக்குப் போய் மாற்றுங்கள். ஆட்டத்துக்கு நடுவே ஒவ்வொரு டைம்-அவுட்டுக்கும் ஈரத்துணியால் அடிப்பாகத்தைத் துடையுங்கள். கோர்ட்டில் படிந்திருக்கிற மணல்தூசியில் எந்த ரப்பரும் வழுக்கும். மழை விட்டதும் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு ஆடுகிற பழக்கம் இங்கே இருக்கிறதே, ஐப்பசி, கார்த்திகையில் அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

ரன்னிங் ஷூ போட்டு பாஸ்கெட்பால் ஆடுகிறவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அது நேராக ஓடுவதற்குச் செய்தது. உயரமான மெத்தை, அடிப்பாகம் நடுவில் குறுகல், பக்கவாட்டில் எந்தப் பிடிமானமும் கிடையாது.

தள்ளுபடி விற்பனையில் பல வருஷம் பெட்டியிலேயே கிடந்த ஷூ வரும், அதிலும் கவனம் வேண்டும். பாலியூரித்தேன் வைத்த சோல், ஈரக்காற்றில் நாளாக ஆக உள்ளுக்குள்ளேயே சிதைந்து, போட்டு ஓடும்போது பொடிப்பொடியாக உதிரும். கடற்கரை ஊரில் இது அதிகம். ஃபர்ஸ்ட் காப்பி பக்கம் போகவே வேண்டாம். மேலே பார்க்க அசல் மாதிரியே இருக்கும், உள்ளே அந்தக் கிண்ணமும் தகடும் இருக்குமா என்பதற்கு யாரும் பொறுப்பு எடுக்க மாட்டார்கள்.

6,000 ரூபாய்க்குள் டெகாத்லான், நிவியா இரண்டையும் பாருங்கள், தள்ளுபடியில் இருந்தால் மற்ற பெரிய பிராண்டுகளையும் பாருங்கள். மாடல் பெயர் சொல்ல மாட்டேன், அது வருஷத்துக்கு வருஷம் மாறும். ஒரே பெயரில் அடுத்த வெர்ஷன் வரும்போது அடிப்பாகத்தின் அகலமே மாறிவிடுவது உண்டு.

அண்ணாநகர்_ஷூட்டர்

ஆய்வு எல்லாம் சரி மேடம், ஆனால் எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. எனக்கும் கணுக்கால் பிசகித்தான் மிட் கட்டுக்கு, அதாவது லோ கட்டுக்கும் ஹை-டாப்புக்கும் நடுத்தர உயரத்துக்கு, மாறினேன். மாறிய பிறகு கால் மேல் நம்பிக்கை திரும்ப வந்தது. மேல் பகுதி தோலைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் கால் சாயும்போது சட்டென்று தெரிகிறது, அது என் அனுபவம்.

லோ கட்டுக்கு எல்லாரும் உதாரணம் காட்டுவது என்பிஏ நட்சத்திரங்கள் கோபி பிரையண்ட், ஸ்டீஃபன் கர்ரி. கோபி 2008-09 சீசனில், கால்பந்து வீரர்கள் அவ்வளவு திரும்பித் திரும்பி ஓடியும் தாழ்வான பூட்ஸ்தானே போடுகிறார்கள் என்று பார்த்து, நைக்கியிடம் கேட்டு லோ கட் போட ஆரம்பித்தார். கர்ரிக்கு 2011, 2012 இரண்டு வருஷமும் வலது கணுக்காலில் அறுவை சிகிச்சை நடந்தது, இப்போது லோ கட் போட்டு ஆடுகிறார் என்பதும் உண்மை. ஆனால் அவர் ஷூவுக்குள்ளே ப்ரேஸ் இருக்கிறது, இடுப்பையும் தொடையையும் பலப்படுத்த வருஷக்கணக்கில் உழைத்திருக்கிறார், பக்கத்திலேயே டிரெய்னர் இருக்கிறார். மேட்ச்சுக்கு முன்னால் டேப் சுற்ற ஆள், முடிந்ததும் ஐஸ் வைக்க ஆள். நாம் காலையில் ஆடிவிட்டு, அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை ஆபீஸ் நாற்காலியில் உட்காருகிறவர்கள். அவர்கள் போடுகிறார்கள் என்பதற்காக நாமும் லோ கட் போட்டால் போதும் என்று சொல்வது சரியாகப் படவில்லை.

பிசியோ_போரூர்

கர்ரி விஷயத்தில் நீங்கள் சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். அவர் ஷூவைப் பார்த்துவிட்டு அவர் பயிற்சியைப் பார்க்காமல் விடுகிறோம். கணுக்கால் மடங்குவதற்கு இடுப்புத் தசை தளர்ந்திருப்பதும் ஒரு காரணமாகலாம். ஒற்றைக் காலில் இறங்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் உடம்பு எடை பாதத்தின் ஓரத்துக்குப் போய்விடும்.

மிட் கட் போட்டால் நம்பிக்கை வருகிறது என்றால் போடுங்கள், தயங்கித் தயங்கி இறங்குவதும் நல்லதில்லை. நான் சொல்வது இதுதான்: உயரமான கழுத்து இருக்கிறது என்பதற்காக ப்ரேஸைக் கழற்றி வைக்காதீர்கள். ப்ரேஸ் போட்ட காலுக்கு ஷூவின் கழுத்து இடம் விடுகிறதா என்றும் பாருங்கள். விறைப்பான ஹை-டாப்புக்குள் ப்ரேஸைத் திணித்தால் கணு எலும்பில் உரசிப் புண்ணாகும், முழங்கால் முன்னால் போகிற அளவுக்குக் கணுக்கால் மடங்காது, அப்போது இறங்குகிற அதிர்ச்சி மேலே முழங்காலுக்குப் போகும்.

டேப் நல்லதுதான், சுற்றத் தெரிந்தவர் சுற்றினால். ஆனால் ஆட ஆரம்பித்து இருபது முப்பது நிமிஷத்தில் இறுக்கம் நன்றாகவே தளர்ந்துவிடும். சென்னை வேர்வையில் கேட்கவே வேண்டாம். ப்ரேஸை நடுவில் நீங்களே இழுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

பெரம்பூர்_அப்பா

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகள் எட்டாவது படிக்கிறாள், ஸ்கூல் டீமில் ஆடுகிறாள். நேற்று சாயங்காலம் கால் மடங்கிவிட்டது, வெளிப்பக்கம் முட்டை மாதிரி வீங்கியிருக்கிறது. அம்மா எண்ணெய் காய்ச்சி நீவி விடலாம் என்கிறார், பக்கத்து வீட்டில் புத்தூர் கட்டு போடச் சொல்கிறார்கள். ஷூவும் மாற்ற வேண்டும் என்றுதான் இதைப் படித்தேன். என்ன செய்யலாம்?

பிசியோ_போரூர்

ஷூ அப்புறம். இன்றைக்கே எலும்பு டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். அந்த வயசில் எலும்பு வளர்கிற தட்டு கணுக்கால் முனையிலேயே இருக்கும், லிகமெண்டைவிட அது முதலில் அடிபடலாம், வெளியே பார்த்தால் சாதாரணச் சுளுக்கு மாதிரிதான் தெரியும்.

மற்றவர்களும் தெரிந்துகொள்ள: அடிபட்டதும் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணு எலும்பின் பின் ஓரத்தை அழுத்தினால் எலும்பே வலித்தாலோ, பாதத்தின் வெளி ஓரத்தில் சுண்டுவிரல் எலும்பு தொடங்குகிற மேட்டிலோ உள்பக்கம் பாத வளைவின் மேலே இருக்கிற எலும்பிலோ வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்காமல் இருக்கக் கூடாது. கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-ல் வகுத்த விதி இது, உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இதைப் பார்க்கிறார்கள்.

நீவுவது இப்போது வேண்டாம். முதல் சில நாள் உள்ளே ரத்தக் கசிவு இருக்கும், அழுத்தி உருவினால் வீக்கம் கூடும். சூடான ஒத்தடமும் இப்போது வேண்டாம். கிரேப் பேண்டேஜ் சுற்றி, தலையணை மேல் காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை அவ்வப்போது கொஞ்ச நேரம் வையுங்கள். அம்மா அக்கறையில்தான் சொல்கிறார், டாக்டர் பார்த்த பிறகு அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். எலும்பு முறிந்திருக்கிறதா என்று தெரியாமல் கட்டுப் போடுவதும் ஆபத்து. செலவு யோசனையாக இருந்தால் அரசு மருத்துவமனைக்கே போங்கள், பிசியோ தேவைப்பட்டால் கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது.

குணமான பிறகு ஷூ வாங்கும்போது, வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிசாக வாங்காதீர்கள். அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பெரம்பூர்_அப்பா

கிளம்பிவிட்டோம் மேடம். ரொம்ப நன்றி.

வேளச்சேரி_கார்ட்

இத்தனை பேர் இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பாப்பாவுக்குச் சீக்கிரம் சரியாகட்டும்.

மேடம் சொன்ன சோதனை எல்லாம் செய்து பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டு நின்றால் இரண்டு காலும் ஒன்றுதான். கண்ணை மூடினால் வலது கால் உடனே தள்ளாடுகிறது. சுவர் சோதனையில் இடதைவிட வலது இரண்டு விரற்கடை குறைவு. குதிகால் தூக்குவது ஏறக்குறைய சமம். தாவல் இன்னும் தைரியம் வரவில்லை.

லேஸ் கட்டுகிற ப்ரேஸ் வாங்கிக்கொண்டு முதலில் பெரியமேட்டில் ஸ்டேடியம் பக்கத்துக் கடைகள், அப்புறம் ஓஎம்ஆரில் ஒரு பெரிய கடை என்று சுற்றி வந்தேன். பழைய பிவட் அண்ணா சொன்னபடி இன்சோலை வெளியே எடுத்ததும் பாதிக்கு மேல் அங்கேயே கழிந்துவிட்டது. கடைசியில் இரண்டு மிஞ்சியிருக்கின்றன, இரண்டையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று ஹை-டாப். குதிகால் கிண்ணம் நல்ல விறைப்பு, அடியில் ரப்பர் ஆழமாக வெட்டியிருக்கிறது, சிமெண்ட்டுக்கென்றே செய்த மாதிரி. ஆனால் ப்ரேஸோடு போட்டால் மேல் இரண்டு ஓட்டைக்கு லேஸ் இழுக்க முடியவில்லை, குதிகால் அடியில் மெத்தை நல்ல உயரம். இன்னொன்று கணுவுக்குச் சற்றுக் கீழே நிற்கிற லோ கட். தரையோடு ஒட்டி இருக்கிறது, வெளி விளிம்பு நன்றாகத் தெரிகிறது, அரை சைஸ் கூட எடுத்தால் ப்ரேஸோடு சுகமாக உட்காருகிறது. ஆனால் ரப்பர் கொஞ்சம் மெலிசு, குதிகால் லேசாக மேலெழுகிற மாதிரி ஒரு உணர்வு. எதை எடுக்கட்டும்?

பழைய_பிவட்

இரண்டாவது. யோசிக்க ஒன்றுமே இல்லை தம்பி. ரப்பர் தேய்ந்தால் வேறு ஷூ வாங்கிக்கொள்ளலாம். ப்ரேஸ் உள்ளே போகாத ஷூ உங்களுக்கு இப்போது எதற்கு?

குதிகால் எழுவதற்கு லேஸ் கட்டுவதிலேயே வழி இருக்கிறது. மேலே கடைசியாக, வரிசையை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு ஓட்டை இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்து ஓட்டையில் மேலிருந்து உள்ளே விட்டு ஒரு சின்ன வளையம் விடுங்கள். இரண்டு பக்கமும் வளையம் ஆனதும் வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும், இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் நன்றாக உட்கார வைத்துவிட்டுக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். கடையிலேயே இப்படிக் கட்டிக்கொண்டு, குனிந்த வாக்கில் பக்கவாட்டில் டிஃபென்ஸ் ஸ்லைடு போய்ப் பாருங்கள், யார் பார்த்தாலும் பரவாயில்லை. அப்போதும் குதிகால் எழுந்தால் அரை சைஸ் குறைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய ஷூவை பிராக்டீஸுக்கு ஆகட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். வழுக்குகிற ஷூ பிராக்டீஸிலும் வழுக்கும்.

அண்ணாநகர்_ஷூட்டர்

மிட் கட் கட்சிக்காரன் நானே சொல்கிறேன், ப்ரேஸோடு சரியாக உட்காருகிற அந்த லோ கட்டையே எடுங்கள் ப்ரோ. ப்ரேஸே காலை ஒட்டிக்கொண்டிருக்கும், நான் சொன்ன அந்த உணர்வு அதிலேயே கிடைக்கும்.

பிசியோ_போரூர்

ஷூ முடிவாகிவிட்டது, நல்லது. சுவர் சோதனையில் இரண்டு விரற்கடை குறைகிறது என்றீர்களே, மேட்ச்சுக்கு முன் அதைச் சரி செய்ய வேண்டும். கணுக்கால் முன்னால் மடங்காமல் விறைத்திருந்தால் இறங்கும்போது குதிகால் சீக்கிரம் எழுந்துவிடும், கால் மறுபடி அந்தத் தளர்ந்த நிலைக்கே போய்விடும். தினமும் அதே சுவரில், முழங்காலைச் சுண்டுவிரல் இருக்கிற திசையில் மெதுவாகத் தள்ளிப் பழகுங்கள். கூடவே கெண்டைக்காலை நீட்டிவிடுங்கள். கண்ணை மூடி நிற்பதைப் பல் தேய்க்கிற நேரத்தில்கூடச் செய்யலாம், ஒரு கையைச் சுவருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோர்ட்டில் முதலில் தனியாக ஷூட்டிங் மட்டும், எகிறாமல். அடுத்து இரண்டு காலில் எகிறி இரண்டு காலில் இறங்குவது. அப்புறம் ஒற்றைக் கால், அப்புறம் தாவி இறங்கி உடனே திசை மாற்றுவது. இதெல்லாம் தயங்காமல் வந்த பிறகு அரை கோர்ட்டில் இரண்டுக்கு இரண்டு. முழு ஆட்டமும், முக்கியமாக ரிங்குக்கு அடியில் கூட்டத்தில் எகிறுவதும் கடைசி. லே-அப் பயம் எனக்குத் தெரிந்து இந்த வரிசையில் போகப் போகத்தான் குறையும். ஒவ்வொரு படி ஏறியதும் மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது பாருங்கள். கணுவைச் சுற்றி வீக்கமோ, முதல் சில அடிக்கு விறைப்போ இருந்தால் முந்தைய படிக்குப் போய் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு மறுபடி ஏறுங்கள். கால் "விட்டுப் போகிற" மாதிரி, அதாவது சமதரையில் நடக்கும்போதே திடீரென்று மடங்கப் பார்க்கிற மாதிரி இருந்தால், விளையாட்டை நிறுத்திவிட்டு உங்கள் ஆர்த்தோவிடம் திரும்பக் காட்டுங்கள்.

ப்ரேஸ் குறைந்தது ஆறு மாதம், ஒரு வருஷம் போட்டாலும் தப்பில்லை, அதனால் தசை பலவீனமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோர்ட்டில் மட்டும் போடுங்கள், வீட்டிலும் ஆபீஸிலும் கழற்றி வையுங்கள். வேர்வையில் நனைந்ததை அப்படியே பையில் சுருட்டி வைக்காமல் துவைத்து நிழலில் காயப் போடுங்கள், லேஸ் தளர்ந்தால் லேஸை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.